மாமன் சீருக்கு வர வேண்டாம்

எலப்புள்ளி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் மோகனசுந்தரத்துக்கு அம்மா முத்தாத்தாள் எழுதுவது. உன் முட்டி எப்படி இருக்கிறது? இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறையில்லை, எனக்கு மனசுதான் கொதிக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படி.

அக்கா மகள் மௌனிகாவின் காதுகுத்துக்கு மடியில் உட்காரவைக்க மாமன் வேண்டுமென்று, ஊனம் எவ்வளவென்று பார்த்து எழுதுகிற மெடிக்கல் போர்டுக்குக் காத்திராமல், காயம் ஆறிவிட்டதாக எழுதிக்கொடுத்துவிட்டு மிலிட்டரி ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பப் போகிறாயாமே! உன் அக்கா செல்வப்பிரியா பூரிப்போடு வந்து சொன்னாள். படியேற முடியாதவனுக்கு எங்கேடா ஆறியது?

பாலக்காட்டில் சட்டம் படிக்கிற பிள்ளைகள் ஞாயிறுதோறும் நம் பஞ்சாயத்து வாசகசாலைக்கு வருகிறார்கள். பட்டாளத்துக் குடும்பங்களுக்குக் காசு வாங்காமல் மனு எழுதிக்கொடுக்கிறார்கள். அதில் யாஸ்மின் என்று ஒரு பெண், துணிக்கடைக்காரர் மகள். வீட்டுக்கே வந்து அப்பாவின் ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு காகிதமாகப் படித்தாள். பீரங்கிச் சத்தத்தில் காது போன மனுஷனுக்கு ஊனப் பென்ஷன் ஏன் இல்லை என்று இருபது வருடம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினோமே, ஒருத்தராவது காரணம் சொன்னார்களா? அடுத்த மாசம் வா, அடுத்த மாசம் வா என்று நாயை விரட்டுவது போல விரட்டினார்கள். இந்தப் பெண் அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டாள். "ஐயா போர்டுக்கு நிக்கவே இல்லீங்கம்மா. காது நல்லா இருக்குதுன்னு அவரே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்காருங்க" என்றாள்.

அவர் காதருகே கத்திக் கேட்டேன். சர்வீஸ் முடிகிற சமயம், தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு மாமன் சீர் செய்ய வேண்டியிருந்ததாம். போர்டுக்கு இன்னும் மூன்று வாரம். இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் நாளைக்கே ஊருக்குப் போகலாம் என்று அங்கே ஒரு கிளார்க் காகிதத்தை நீட்டினானாம். சொல்லிக்கொடுத்தவன் நன்றாகத்தான் இருப்பான். சீர்த்தட்டோடு பந்தலில் நின்ற இவருக்கு மேளச் சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

யாஸ்மின் மேல்முறையீடு எழுதியிருக்கிறாள். "சோறு போட்ட பட்டாளத்து மேல கேஸ் போடறதா?" என்று அப்பா முறுக்கினார். காதைக் கொடுத்தது நீங்கள், கேட்க என்ன வெட்கம் என்று இரண்டு நாள் சண்டை போட்டுத்தான் கையெழுத்து வாங்கினேன். ஆனாலும் அந்தப் பழைய காகிதம் குறுக்கே நிற்கும், வருடக்கணக்காக இழுக்கும் என்கிறாள். உன் விஷயத்தைச் சொன்னதும் பதறிப்போய், "போர்டு முடியற வரைக்கும் தம்பி எதுலயும் கையெழுத்துப் போட வேண்டாம்னு சொல்லுங்க" என்றாள்.

மாமன் வராவிட்டால் மாமியார் வீட்டில் பேசுவார்கள் என்று உன் அக்கா அழுகிறாள். பேசட்டும். உன் பெரியப்பா மகன் கந்தப்பனும் மாமன்தான், அவன் மடியில் குழந்தை உட்காரும்.

ஒன்றை நான் யாஸ்மினிடம்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் ஒரு பழைய இன்லண்ட் லெட்டரும் இருந்தது. அவள் பிரிப்பதற்குள் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "சீருக்கு நீங்கள் வராவிட்டால் உங்கள் சொந்தக்காரர் முகத்தில் நான் முழிக்க முடியாது, என்ன செய்தாவது வந்துவிடுங்கள்" என்று அவருக்கு நான் எழுதியது. இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

வராதே கண்ணு. யார் காகிதத்தை நீட்டினாலும் பேனாவைத் தொடாதே. மாகாளியம்மன் உன் காலைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
முத்தாத்தாள்