கலங்கரை விளக்கத்தில் ஒரு மாவுக்கட்டு

மார்ச் 4

இலக்கியப் பக்கம் கையை விட்டுப் போய்விட்டது. அதில் எழுதித்தான் என் தலை நரைத்தது.

சின்னவர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். பத்திரிகை ஆசிரியரான அவரை ஆபீசில் எல்லோரும் 'ஐயா' என்கிறார்கள். எனக்கு மட்டும் சின்னவர். என்னிடம் ப்ரூஃப் திருத்தக் கற்றுக்கொண்ட ஆள்தானே.

"உங்க பக்கத்தைப் பேராசிரியர் பார்த்துக்கட்டும் சார். நீங்க காதல் நாவலுக்கு மதிப்புரை எழுதுங்க. ஜூன் வரைக்கும் பார்ப்போம். யாரும் படிக்கலைன்னா அந்த இடத்தை ராசிபலனுக்குக் கொடுத்துடலாம்."

"அப்ப நான்?"

"அதான் சார், ஜூன் வரைக்கும் பார்ப்போம்."

பேராசிரியராம். என் புத்தக வெளியீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவர். வாயைக்கூட மூடிக்கொள்ளவில்லை.

மார்ச் 5

ஒரு பை நிறையப் புத்தகங்கள் வந்தன. அட்டைக்கு அட்டை யாரோ யாரையோ தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். என் வேலையைப் பற்றி வருடக்கணக்காக ஒரு வார்த்தை கேட்காத என் மனைவி, இவள், பையைக் கட்டில்மேல் கொட்டினாள்.

"இவ்வளவும் சும்மாவா கொடுத்தாங்க? இதை முன்னாடியே எழுதியிருக்கலாமே நீங்க."

மார்ச் 9

சரித்திரக் காதல்: இளவரசி நாற்பது பக்கத்துக்குள் மூன்று தடவை மயங்கி விழுகிறாள். வைத்தியரைக் கூப்பிட வேண்டிய இடத்தில் இளவரசனைக் கூப்பிடுகிறார்கள்.

அலுவலகக் காதல்: முதலாளி பையன் எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்க்கிறான். அதற்காகவே அவனைக் காதலிக்கிறாள். நானும்தான் இத்தனை வருடமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தவர் உண்டா?

விண்வெளிக் காதல்: படித்தேன்.

மார்ச் 14

மருத்துவமனைக் காதல். எலும்பு டாக்டர், கால் உடைந்த நடன ஆசிரியை. இருநூறு பக்கத்துக்கு மாவுக்கட்டு. அதைப் பிரிக்கப் போகும் நேரத்தில், சம்பந்தமே இல்லாமல் ஒரு கலங்கரை விளக்கம் வருகிறது. அதில் ஒரு பேய். டாக்டர் என்ன ஆனார்? அந்த அம்மா நடந்தாளா, இல்லையா? எழுதியவருக்கே தெரியாது போல. 'கற்பனை வறண்டால் பேய் வரும்' என்று எழுதி அனுப்பினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 19

பேய்க் காதல். அதே பதிப்பகம். இதிலும் கலங்கரை விளக்கம், இதிலும் பேய். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள், வெட்கமே இல்லை. செத்துப்போன விளக்குக் காவலாளிக்கும் சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தவளுக்கும் காதல். சலித்துக்கொண்டேதான் படித்தேன்.

கடைசிப் பகுதியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு விளக்கமும் இல்லாமல் மருத்துவமனை வருகிறது. பேய் இல்லை, கடல் இல்லை. கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு ஒரு பெண். அவள் பெயர்கூட வேறு. பேயைக் காதலித்தவள் பழைய பெயரோடு திரும்பி வர முடியுமா என்ன? "பயப்படாதீங்க, காலை ஊனிப் பாருங்க," என்கிறார் டாக்டர். அவ்வளவுதான்.

என்ன துணிச்சல். இந்தக் குப்பைமேட்டில் ஓர் எழுத்தாளர்.

மார்ச் 27

மதிப்புரை வெளியாயிற்று. நான் ஒருவரைப் பாராட்டி எவ்வளவு காலம் ஆகிறது என்று எனக்கே நினைவில்லை. சின்னவர் போன் செய்தார். "சார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

ஏப்ரல் 2

பேய் நாவலை எழுதிய அம்மாள் பேசினார். வங்கியில் வேலையாம். தயங்கித் தயங்கிப் பேசினார்.

"ரொம்ப நன்றி சார். ஒரே ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரி எங்க சார் வருது?"

எழுதியவர்களுக்கே தங்கள் ஆழம் தெரிவதில்லை. பொறுமையாக விளக்கினேன். பேயின் மறைவே மாவுக்கட்டாக உறைகிறது என்றேன்.

"சரிங்க சார்," என்று வைத்துவிட்டார். பாவம், வெகுளி.

ஏப்ரல் 10

பேராசிரியர் இலக்கியப் பக்கத்தில் — என் பக்கத்தில் — அதே நாவலைப் பற்றி எழுதியிருக்கிறார். 'அந்த மாவுக்கட்டு நவீன மனிதனின் மௌனம். இருமுறை படித்தேன், இருமுறையும் உறைந்தேன்.' நான் சொன்னதைத்தான் கடினமான வார்த்தையில் சொல்லியிருக்கிறார். இந்த மனுஷன் ஒத்துக்கொள்ளும்படி நான் என்ன தப்புச் செய்தேன்?

ஏப்ரல் 12

செய்திருக்கிறேன்.

இவள் இரண்டு நாவல்களையும் கொண்டுவந்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"இங்க பாருங்க. இதோட கடைசிப் பதினாறு பக்கம் அதுல இருக்கு, அதோடது இதுல இருக்கு. பைண்டிங்ல மாத்திக் கட்டிட்டாங்க. ரெண்டும் ஒரே பருமன், பக்க எண்ணும் சரியா வந்திருக்கு."

இரண்டையும் மாற்றி மாற்றிப் புரட்டினேன்.

"ஆளோட பேரே மாறுதே, அதுகூடவா தெரியலை?"

"அது... ஒரு உத்தின்னு நினைச்சேன்."

சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிச் சிரிப்புக் கேட்டது.

ஒரே முடிவு. ஒன்றில் திட்டினேன், இன்னொன்றில்— இல்லை, நான் திட்டியது இதனுடைய முடிவு, பாராட்டியது அதனுடைய... எப்படிப் பார்த்தாலும் கழுதை நான்தான். வெளியே தெரிந்தால் ஜூன் வரைகூடத் தாங்காது. சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? அந்த வங்கி அம்மாளுக்குத் தெரியும். பேயின் மறைவு உறைகிறது என்று வேறு சொல்லித் தொலைத்தேனே.

ஏப்ரல் 14

பதிப்பகத்துக்கே போனேன். பதிப்பாளர் தலையைச் சொறிந்தார்.

"முதல்ல கட்டினதுல அஞ்சாறு பிரதி அப்படி ஆயிடுச்சு சார். எல்லாத்தையும் நிறுத்திட்டோம்னு நினைச்சேன். உங்களுக்கு வந்துடுச்சா?"

"பேராசிரியருக்கு?"

"அவருக்கு நாங்க அனுப்பவே இல்லையே. கடையில வாங்கியிருந்தா நல்ல பிரதிதான் கிடைச்சிருக்கும்."

நல்ல பிரதியில் மருத்துவமனையே கிடையாது. மாவுக்கட்டும் கிடையாது. இருமுறை படித்தாராம். இருமுறை உறைந்தாராம்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஒரு பெண்மணி குழந்தையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள்.

ஏப்ரல் 15

எழுதிவிட்டேன். முழுவதும், ஒளிக்காமல். இரண்டு எழுத்தாளர்களிடமும் மன்னிப்பு. எலும்பு டாக்டர் நாவலை எழுதியவரிடம் தனியாக: 'நான் உங்களைத் திட்டிய அதே மாதத்தில், வேறொருவர் பெயரைச் சொல்லிப் பாராட்டியதும் உங்களைத்தான்.'

கடைசி வரி: 'நான் தப்பான பக்கங்களைப் படித்தேன். பேராசிரியர் அந்தத் தப்பைக்கூடச் செய்யவில்லை.'

நேர்மையா இது? வன்மம்தான். அதனாலென்ன.

இவள் படித்துப் பார்த்தாள். "கடைசி வரியை எடுத்துட்டா நல்ல மனுஷனாத் தெரிவீங்க."

"எடுக்கணுமா?"

"ஐயோ, வேண்டாம்."

ஏப்ரல் 24

வெளியாயிற்று. சின்னவர் மேசையில் கடிதங்கள் குவிகின்றன. பாதிப் பேர் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். மீதிப் பேர் மாறிக் கட்டிய பிரதி எங்கே கிடைக்கும் என்கிறார்கள். வங்கி அம்மாள் சிரித்துக்கொண்டே பேசினார். "நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும் சார். நீங்க அவ்வளவு அழகா விளக்கினீங்க, மனசு வரலை."

ஏப்ரல் 27

நல்ல பிரதியை வாங்கிப் பேய் நாவலின் உண்மையான முடிவைப் படித்தேன். எல்லாச் சுவருக்கும் வண்ணம் அடித்துவிட்டு, அவன் சாய்ந்து நிற்கும் இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறாள். ஆளுயரத்துக்குப் பழைய சுவர்.

"என்ன, கண்ணு கலங்கியிருக்கு?"

"தூசி."

"பேய் நின்ன இடம்தானே? நானும் அங்கதான் அழுதேன்."

ஜூன் 11

பேராசிரியர் உடல்நிலை காரணமாக விலகிக்கொண்டாராம். என்ன உடல்நிலை என்று நான் கேட்கவில்லை. என்னிடம் நாகரிகம் உண்டு. சின்னவர் எழுந்து நின்று சொன்னார்: "இலக்கியப் பக்கம் திரும்ப உங்களுக்குத்தான் சார். காதல் பக்கத்தை வேற யாருக்காவது கொடுத்துடறேன்."

"யாருக்கு?"

"யாரோ ஒருத்தர் சார். அதுல என்ன இருக்கு?"

அதுல என்ன இருக்கு, என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கையில் இருப்பது கப்பல் காதல். சமையற்காரரும் விதவையும் எண்பது பக்கமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சூப்பு வழியாகவே பேசிக்கொள்கிறார்கள். இன்று உப்புப் போதவில்லை என்று அவள் சொல்லியனுப்பியிருக்கிறாள்.