ரெண்டு புகைக்கூண்டு

1954 ஜனவரி, சனிக்கிழமை

நாளைக்கு என் மவ மேரியைப் பொண்ணு பார்க்க வராங்க. வஞ்சிரம் கொழம்புன்னு பெருமையா சொல்லி வச்சிட்டேன். அதுக்குத்தான் விடியகாலையில நானும் தம்பி சூசையும் கட்டுமரத்துல போனோம். கடல்லேர்ந்து பார்த்தா மாதா கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால கொருக்குப்பேட்டை மில் புகைக்கூண்டு நிக்கணும். அப்படித் தெரியிற எடத்துலதான் வஞ்சிரம் கெடைக்கும். கோபுரமும் கூண்டும் நேரா வந்ததும் வலை விட்டேன். ஏறினதெல்லாம் கெளுத்தி. கெளுத்தியை எவன் விருந்துக்கு வைப்பான்?

"அண்ணே, இன்னா இது? நீ பார்த்தது புதுசா கட்டின கூண்டு. பழசு பக்கத்துலயே கீது பாரு" ன்னான் சூசை. "ஆமா, கீது" ன்னேன்.

வூட்டுக்கு வந்து, கடல்ல நீரோட்டம் சரியில்லன்னு சொன்னேன். சூசையும் ஆமான்னு தலையாட்டினான்.

கடல்ல அவன் கை காட்டின பக்கம் எவ்ளோ நேரமோ பார்த்தேன். எனக்கு ஒரு கூண்டுதான் தெரிஞ்சுது.