காலி நாற்காலிக்கு ஆள்

என் சின்னவளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று போனில் கேட்டால் "ம்" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது மூலை முடுக்கெல்லாம் தூசி தெரிகிறதாம், "இவ்வளவு நாளா இந்த வீட்லயா குடியிருந்தோம்?" என்கிறார். துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டேன்.

நீ நடத்தும் புதன்கிழமைக் கூட்டத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னதிலிருந்து மனசு அதிலேயே இருக்கிறது. "எல்லாரும் புதுசா கம்பெனி ஆரம்பிச்சவங்கதாம்மா, ஆனா வர்றாங்க, பெருமை பேசறாங்க, போயிடறாங்க. யாருக்கும் யாரும் இல்ல" என்றாய். எனக்கு இந்தக் கூட்டங்களில் என்றைக்குமே பெரிய நம்பிக்கை கிடையாது. கழுத்தில் பெயர் அட்டை மாட்டிக்கொண்டால் நட்பு வந்துவிடுமா என்ன. ஆனாலும் நீ சொன்னதும் எங்கள் பழைய ஆபீஸ் இருந்த அந்த மூன்றாம் மாடி ஞாபகம் வந்துவிட்டது, நீ தவழ்ந்து பழகிய நடைவழி. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு குட்டிக் கம்பெனி. ஸ்டார்ட்அப் என்ற பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது, "சொந்தமா ஏதோ பண்றாங்களாம்" என்று உறவுக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். நானும் அப்பாவும் மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் எழுதினோம், எதிர் அறையில் தண்ணீர் வடிகட்டி செய்யக் கிளம்பியவர், நீ குழாய் மாமா என்பாயே, அவர். யாருக்காவது வாடிக்கையாளர் நேரில் வந்தால் காலி நாற்காலிகள் மானத்தை வாங்குமே என்று மற்ற அறைக்காரர்கள் போய் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் பாவனை செய்வோம். அதோடு சரி, திரும்பி வந்து அவரவர் கதவைச் சாத்திக்கொள்வோம். யாரும் தன் கஷ்டத்தை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஒருநாள் எங்களைப் பார்க்க வந்த வாடிக்கையாளர் பக்கத்து அறையையும் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். எங்கள் அறையில் பார்த்த அதே குழாய் மாமா அங்கேயும் முந்திப்போய் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கணினி முன்னால். "இவருக்குச் சம்பளம் நீங்க தர்றீங்களா, அவங்களா?" என்று கேட்டார் வந்தவர். குழாய் மாமா எழுந்து நின்று, "சம்பளமா? டீயே இன்னும் வரல சார்" என்றார். எங்களுக்கு வரவேண்டிய ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. வந்தவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் மாடியே சிரித்தது, அந்தச் சிரிப்பின் நடுவில் அப்பா, "எங்ககிட்ட வேலைக்கு இருந்த ஒரே பையனும் போன மாசமே நின்னுட்டான்" என்று சொல்லிவிட்டார். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். அதற்கப்புறம் அந்த நடைவழியில் யாரும் கதவைச் சாத்தவில்லை, நீ எந்த அறையில் தூங்குகிறாய் என்று தேடுவதே எனக்கு வேலையாயிற்று. கம்பெனிகள் எல்லாம் பிழைத்தன என்று சொல்லமாட்டேன், பாதி மூடிவிட்டன. மூடியவரின் மேசையைக் கீழே இறக்க எல்லாரும் கை கொடுத்தோம்.

உன்னோடு கம்பெனி ஆரம்பித்த தோழி விலகிப்போனதை என்னிடம் சொன்னாய். அந்தக் கூட்டத்தில் சொன்னாயா? அவர்கள் பெருமை பேசுகிறார்கள் என்றால் நீ என்ன பேசினாய்? நிறுத்துவதென்றால் நிறுத்து, ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்து.

போன வாரம் குழாய் மாமா வந்திருந்தார், தலை முழுக்க நரை. உன் விஷயத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அப்பாதான் சொல்லிவிட்டார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "பாப்பா ஆபீஸ்ல அந்தத் தோழியோட நாற்காலி காலியாத்தானே இருக்கு? டிக்கெட் போடச் சொல்லுங்க, வந்து உக்காந்துக்கறேன்" என்றார்.

வேளைக்குச் சாப்பிடு. எங்கள் இருவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. இனிமேல் நலமா என்று கேட்டால் "ம்" வேண்டாம், "இல்லம்மா" என்றாவது சொல்.

உன் அம்மா