ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்

5.7.84 வியாழன், மேலகரம்
சாரல். துணி எதுவும் காயவில்லை. நாளை மதுரை ஆஸ்பத்திரி. எடுத்து வைக்க: வேட்டி இரண்டு, பிளாஸ்க், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, நெஞ்சு வலித்தால் நாக்கடியில் வைப்பது, திருநீறு.

ரத்தம் ஏற்றியும் இவர் மறுபடி வெளிறிப்போய். எங்கே கசிகிறதோ. இரைப்பையில் ஒன்றுமில்லை. தென்காசியில் மலம் சோதித்ததிலும் ஒன்றுமில்லை. பாக்கி சிறுகுடல். வாய்வழியே நீளக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம். புற்று என்று யாரும் சொல்லவில்லை. நான்தான் நினைத்து நினைத்துச் சாகிறேன்.

இந்த வயதில், இத்தனை நோயோடு தாங்குவாரா என்று போன வாரமே மதுரை டாக்டரிடம் கேட்டேன். மழுப்பவில்லை. "அபாயம் இருக்கும்மா. மெதுவாப் போவேன். தாங்கலைன்னா உடனே வெளியே எடுத்துடுவேன்." அந்த ஒரு பேச்சுக்கே கும்பிடலாம்.

7.7.84 சனி, மதுரை
வெயில். முடிந்தது. இருக்கிறார்!

இதயத்துக்காக மயக்க ஊசி குறைவாகத்தான். நடுவில் நாடி தடுமாற, டாக்டர் குழாயை நிறுத்திக் காத்திருந்தாராம். நர்ஸ் கடைசிவரை இவர் கையை விடவில்லை. மகராசி, நல்லா இருக்கட்டும்.

டாக்டர் சிரித்தபடியே வந்தார். புற்று இல்லை. கொக்கிப்புழு! குடலைக் கடித்து ரத்தம் குடித்துக்கொண்டு, கூட்டமாக. மண்ணிலிருந்து கால்வழியே ஏறுமாம். புளியங்குடி எலுமிச்சைத் தோட்டத்தில் வெறுங்காலோடு அலைகிற மனுஷன், ஏறாமல் என்ன செய்யும்? மாத்திரையில் போய்விடுமாம்.

"ஆனா மல டெஸ்ட்லயே தெரிஞ்சிருக்கணுமே?" என்றார் டாக்டர்.

கூட வந்த கொழுந்தன் சங்கரன் முகம் செத்துவிட்டது. தென்காசியில் ஜவுளிக்கடை, செருப்பில்லாமல் வாசல் தாண்டாதவன்.

"மதினி, வையாதிய. டெஸ்ட்டுக்கு மலத்தத் தீப்பெட்டியில வச்சு எவன்ட்டப் போயிக் குடுக்கன்னு அண்ணனுக்கு வெக்கம். 'ஏலே, நீ குடுத்திரு. ஒரே வயித்துல பொறந்தவங்கதான, எல்லாம் ஒண்ணுதாம்லே'ன்னாவ. நானும் என்னோடதக் குடுத்துட்டேன்."

வாயில் வந்தபடி வைதேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. டாக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பை அடக்க.

9.7.84 திங்கள், மேலகரம்
சாரல். "ஏட்டி, பசிக்கு" என்றார். எத்தனை மாதமாயிற்று இதைக் கேட்டு. வைவதற்குச் சேர்த்து வைத்ததெல்லாம் மறந்துபோய் இன்னும் இரண்டு தோசை வார்த்தேன். புழுவுக்கு நன்றி சொன்ன பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்திதான். பிள்ளையாருக்குத் தேங்காய் பாக்கி.

23.7.84 திங்கள்
மழை வெறித்திருக்கிறது. தென்காசியில் மறுபடி மலச் சோதனை. சங்கரன் வாங்கித் தந்த செருப்பு சேறாகிவிடும் என்று கையில் தூக்கிக்கொண்டு இறங்கினார். கத்தினேன். போட்டுக்கொண்டார். சட்டைப்பையில் தீப்பெட்டி. "யாரோடது?" என்றேன். முறைத்தார்.

பஸ்ஸுக்கு நிற்கையில் ஒருவர் பீடியோடு வந்தார். "அண்ணாச்சி, தீப்பெட்டி குடுங்க."

இவர் பையைப் பொத்திக்கொண்டார். "இது என்னோடதுவே. யாருக்கும் குடுக்க மாட்டேன்."