ரெண்டு சொட்டுத் தாய்ப்பால்

ஆனைக்குட்டம்
8.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

இசைவாணி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் எல்லோரும் நலம். என் கண்கள் மட்டும் இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை.

கொஞ்ச நாளைக்குப் போன் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டாள். அப்பாவின் போனில் பேசலாமென்றால் வீடே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நிச்சயம் ஆன பெண் என்ன பேசுகிறாள் என்று கேட்பதில் எல்லோருக்கும் அப்படி ஒரு அக்கறை. அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் பிரஸிலிருந்து இங்கே பட்டாசுக் கம்பெனிக்கு லேபிள் கட்டு ஏற்றிவரும் வெள்ளைத்துரை அண்ணன் கொண்டுபோய்த் தருவதாகச் சொன்னார். தடித்தடியாக எழுதியிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை மதுரையில் கண் ஆபரேஷனின்போது நடந்ததைச் சொன்னால் உங்களுக்குச் சோறு இறங்காது. வலிக்காது என்றார்கள், உண்மைதான், வலிக்கவில்லை. ஆனால் இமைகளைக் கம்பி போட்டு அகட்டி வைத்துவிடுகிறார்கள். எது வந்தாலும் பார்த்துக்கொண்டேதான் கிடக்க வேண்டும். பிறகு ஒரு வாடை வந்தது பாருங்கள், மயிர் கருகுகிற வாடை. "பயப்படாதம்மா, லேசர் வேலை செய்யுற வாசம்தான்" என்றார் டாக்டர். நம் பட்டாசு ஊர்ப் பெண்ணிடம் சொல்கிற சமாதானமா இது? கருகல் வாடை வந்தால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்று சொல்லிச் சொல்லி வளர்த்த உடம்பு. ஓட முடியாமல், என் கண் கருகுகிற வாடையை நானே மோந்துகொண்டு கிடந்தேன். நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது.

ராத்திரி கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி. சொட்டு மருந்து தொண்டைக்குள் இறங்கிக் கசக்கிறது. தலைக்கு ஊற்றக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது. என் தலை நாற்றம் எனக்கே சகிக்கவில்லை. சீ என்றிருக்கிறது.

ஆனாலும் மறுநாள் காலையில் மூடியை எடுத்ததும், எதிர்வீட்டு ஓட்டின் மேல் ஒரு காக்கா எதையோ கொத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. அதன் மூக்கு தெரிந்தது, அத்தான்! சந்தோஷத்தில் அழுதுவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து சுமந்த சோடாப்புட்டிக் கண்ணாடி போயே போய்விட்டது. உங்கள் அம்மா கேட்டபடி கண்ணாடி இல்லாத மருமகள் தயார். நீங்கள் மட்டும் உங்கள் கண்ணாடியோடு மணவறையில் உட்காரலாமாம், மாப்பிள்ளைக்கு அது களையாம். இருக்கட்டும், ஒருநாள் உங்களையும் அந்த மேஜையில் படுக்கவைக்கிறேன்.

உங்கள்
இசைவாணி

—

சிவகாசி
9.8.2025

அன்பு வாணிக்கு,

உன் கடிதத்தை ஓடுகிற மிஷின் பக்கத்தில் நின்றே படித்தேன். அதற்குள் நீலக் கலர் ஒரு நூல் அளவு தள்ளி விழுந்து, காலண்டர் முருகனுக்கு இரண்டு மூக்கு முளைத்துவிட்டது. "ஏலே, மிஷினப் பாருலே! காயிதத்தப் பொறவு படிச்சுக்கிடலாம்" என்று அப்பா போட்ட சத்தத்தில் பிரஸே திரும்பிப் பார்த்தது. எல்லாம் உன்னால்.

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டதிலிருந்து மூச்சுவிட நேரமில்லை. உனக்கு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்காரர்களும் தங்கள் காலண்டரை நம்மிடம் அடிக்கப் பேசியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில்தானே உனக்குச் சீக்கிரமே தேதி கிடைத்தது. போன மாதம் அவர்களுக்குக் காலண்டர் மாதிரியைக் காட்டப் போனபோது டாக்டர் என்னை உட்காரவைத்து, "கண்ணுல நாங்க குடுக்கிற மருந்தத் தவிர வேற எதுவும் படக் கூடாது. கை வைத்தியம் அறவே கூடாது" என்று படித்துப் படித்துச் சொன்னார். "எங்க வீட்டுல அந்தப் பேச்சே கெடையாது சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நாளைக்கு அம்மாவும் பாண்டிமீனா அக்காவும் உன்னைப் பார்க்க வருகிறார்கள். சீசன் என்பதால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. அக்கா கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வருகிறாள். அம்மா ஏதாவது சொன்னாலும் முகம் கோணாமல் இரு.

காக்காவை முதலில் பார்த்துவிட்டாய். அடுத்த முறை என்னைப் பார்.

உன்
முனியராஜ்

—

ஆனைக்குட்டம்
12.8.2025

அன்புள்ள அத்தானுக்கு,

முகம் கோணாமல்தான் இருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

வந்ததும் வராததுமாக உங்கள் அம்மா என்னைச் சுவரோரம் நிறுத்தினார்கள். "அந்தா தொங்குதுல்ல நம்ம காலண்டரு, அதுல ராகு காலத்தப் படி பாப்போம்." படித்தேன். "எமகண்டத்தப் படி." அதையும் படித்தேன். மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போலத்தான். அத்தைக்குத் திருப்தி. அதோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "என்னடி, கண்ணு செவசெவன்னு கெடக்கு?" என்றார்கள்.

"கொஞ்ச நாளு அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காக, அத்தை."

"அவுகளுக்கு என்ன தெரியும்? ரெண்டு சொட்டுத் தாய்ப்பால் விட்டா குளுந்துபோகும். எம் புள்ளைகளுக்கு நான் விடாததா? ஏ பாண்டிமீனா, இங்கன வா."

வேண்டாம், வேண்டாம் என்று கத்தினேன். என் தலையைப் பிடித்தது யார் தெரியுமா? என் அம்மா. "சம்பந்தி அம்புட்டு ஆசையாச் செய்யுதாக. சும்மா இருடி" என்று இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாண்டிமீனா மதினி கூசிக்கொண்டேதான் குனிந்தாள். பிள்ளை கக்கிய வாடை, வேர்வை வாடை, எல்லாம் சேர்ந்து என் முகத்தின் மேல். வெதுவெதுப்பாகக் கண்ணுக்குள் விழுந்து மூக்கோரமாக வழிந்து வாய்க்குள் போனது. பால் பிள்ளைக்கு அமுதம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருத்தியை அமுக்கிப் பிடித்து அவள் கண்ணுக்குள் பீய்ச்சினால் அதற்கு வேறு பெயர். ஒரு கண்ணில் விட்டதும் திமிறிக்கொண்டு எழுந்து முற்றத்தில் வாந்தி எடுத்தேன். "பாத்தீகளா, சூடு வெளியேறுது" என்றார்கள் உங்கள் அம்மா.

நேற்றிலிருந்து அந்தக் கண் திறக்கவில்லை. காலையில் இமை ஒட்டிக்கொண்டு, பிரித்தால் மஞ்சளாகச் சீழ் இழுக்கிறது. விளக்கைப் பார்த்தால் ஊசி ஏற்றுகிறது. தலையணை உறையைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. நாளை காலை பஸ்ஸில் மதுரைக்குப் போகிறோம். நீங்களும் வருகிறீர்களா? பயமாக இருக்கிறது.

இசைவாணி

—

சிவகாசி
12.8.2025, மாலை

அன்பு வாணிக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அம்மாவிடம் கேட்டேன். அழுகிறார்கள். நல்லது நினைத்துத்தானே செய்தார்கள்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் பால் விஷயத்தைச் சொல்லிவிடாதே. தூசி விழுந்தது, அறியாமல் கசக்கிவிட்டேன் என்று சொல். அவர் முகத்துக்கு நேராக நான் சொன்ன சொல் என்ன ஆவது? காலண்டர் ஆர்டர் இன்னும் உறுதியாகவில்லை. இந்த நேரத்தில் நம்மைக் காட்டுமிராண்டிக் கூட்டம் என்று அவர் நினைத்தால் எல்லாம் போய்விடும். அப்பாவுக்குத் தெரிந்தால் அம்மாவை வீட்டில் இருக்க விட மாட்டார். எதனால் வந்தாலும் புண்ணுக்கு மருந்து ஒன்றுதானே.

நானும் வந்தால் டாக்டர் என்னைத் துருவிக் கேட்பார். அதனால் வரவில்லை. நீ கெட்டிக்காரி, சமாளித்துக்கொள்வாய். ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் சொல்லியாயிற்று. அதற்குள் எல்லாம் சரியாகிவிடும். பத்திரிகைக்குத் தங்க எழுத்தில் நானே அச்சு எடுத்து வைத்திருக்கிறேன், பார்த்தால் அசந்துபோவாய்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
முனியராஜ்

—

ஆனைக்குட்டம்
4.9.2025

முனியராஜ் அவர்களுக்கு,

வெள்ளைத்துரை அண்ணன் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதும் நிலையில் நான் இல்லை. பிறகு, எழுதும் மனநிலையில் இல்லை.

நீங்கள் சொன்னபடியே சொன்னேன். "தூசி விழுந்துருச்சு சார், தெரியாமக் கசக்கிட்டேன்." டாக்டர் நம்பினார். தூசியைத் தேடினார், கழுவினார், சொட்டு மருந்தைக் கூட்டிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். அந்த இரண்டு நாளில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி பூத்து, பரவ ஆரம்பித்துவிட்டது. மறுபடி போனபோது என் அம்மாவால் தாங்க முடியவில்லை. "பாலு விட்டோம் சாமி, நான்தான் தலையப் பிடிச்சேன்" என்று தரையில் உட்கார்ந்து கதறிவிட்டாள். டாக்டர் ஒரு சொல் திட்டவில்லை. "மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே வேற மருந்து ஆரம்பிச்சிருப்பேனே" என்றார். அவ்வளவுதான்.

லேசர் போடுவதற்காகக் கருவிழி மேல் அறுத்திருந்த மெல்லிய தோலைத் திரும்பத் தூக்கி, அடியில் சுரண்டிக் கழுவினார்கள். மதுரையிலேயே தங்கி, மணிக்கொரு தரம் சொட்டு. கண் பிழைத்தது. பார்வைக்கு நடுவில் தழும்பு நிற்கிறது. எந்த முகத்தைப் பார்த்தாலும் மூக்கும் வாயும் புகைக்குள் போய்விடுகின்றன. நாளாக நாளாகக் கொஞ்சம் கலையலாமாம். முழுக்கக் கலையாதாம்.

பாலை நினைத்து எனக்கு இப்போது குமட்டுவதில்லை. மதினி மேல் எனக்குக் கோபம் இல்லை, சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், என் அம்மாவுக்கும் அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும். டாக்டர் உங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். தெரிந்தே நீங்கள் எழுதிக் கொடுத்த பொய்யை நான் ஒரு சொல் மாற்றாமல் ஒப்பித்தேனே, அதை நினைத்தால்தான் சீ என்று வருகிறது. உங்கள் மேலும் வருகிறது, என் மேலும் வருகிறது. எத்தனை முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை.

பூ வைக்கும்போது நீங்கள் கொடுத்த சேலையையும் மோதிரத்தையும் அய்யாதுரை சித்தப்பா கொண்டுவந்து தருவார். "பேசித் தீத்துக்கிடலாம்லம்மா" என்று அப்பா கேட்டுப் பார்த்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பொண்ணுக்குக் கண்ணில் குறை, அதனால் கல்யாணம் நின்றது என்று ஊரில் உங்கள் வீட்டார் சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

உங்கள் கடிதங்களை ஒன்று விடாமல் திரும்பப் படித்தேன். பால் விஷயம் வெளியே வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா மேல் வருத்தமா என்று கேட்டிருக்கிறீர்கள். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் கண் என்று ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை.

இடது கண்.

இப்படிக்கு,
ஆ. இசைவாணி