கீது என்றால் கீதுதான்

மார்ச் 9, ஞாயிறு, காலை பத்து மணி பத்து நிமிடம். ராணியின் இரண்டாவது ஆல்பத்துக்கு இதுவரை வந்த விமர்சனங்கள் ஏழு. பாராட்டு ஆறு, திட்டு ஒன்று. நீ இருந்தால் முதலில் இதைத்தான் கேட்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன், மாமு.

ராயபுரத்தில், ராணி அப்பாவின் மளிகைக் குடோன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். கீழ்ப்படியில் உன் நீலவார் ரப்பர் செருப்பு கிடக்கிறது. மஞ்சள் காமாலை முற்றிய அன்று உன்னை இங்கிருந்துதான் ஆட்டோவில் ஏற்றினோம். அவசரத்தில் செருப்பை விட்டுவிட்டோம். நீ திரும்பவில்லை. ஆல்பம் வெளிவர அப்போது மூன்று வாரம் இருந்தது. பத்தியம் இருடா என்றால் வஞ்சிர வறுவல் கேட்டவன் நீ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

முதல் ஆல்பத்தை நினைத்துப்பார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோலும் புளூஸும் பாட ராணிக்குக் குரல் இருந்தது. சர்ச் கொயரில் பழுத்த குரல். வார்த்தைதான் யாரோ எழுதிக்கொடுத்த பளபளப்புத் தமிழ். ஒரு விமர்சகர் எழுதினார்: "நல்ல குரல். ஆனால் இரவல் பட்டுப்புடவையில் கல்யாணத்துக்கு வந்ததுபோல, கசங்கிவிடுமோ என்று பயந்து நிற்கிறது." அதைப் படித்துவிட்டு ராணி அழவில்லை. "ரெண்டாவதும் இப்படிப் போச்சுன்னா அப்பா கடைக் கல்லாவுல உக்காந்துருவேன். பாட்டு கீட்டெல்லாம் அதோட சரி" என்றாள். சொன்னால் செய்கிறவள்.

அடுத்த ஞாயிறு நீ பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூரிலிருந்து வந்தாய். மாடி அறையில் எதிரொலியை அடக்க நான் முதலில் மிளகாய் மூட்டைகளை அடுக்கியிருந்தேன். ராணி இருமித் தீர்த்தாள். துவரம்பருப்புக்கு மாறினோம். சத்தத்தை அது அருமையாக விழுங்கும். அந்தப் பருப்புச் சுவருக்குள் நின்று, நீ எழுதிய பாட்டை உன் கரகரத்த தொண்டையில் பாடிக் காட்டினாய்:

உன் செருப்பு வாசல்ல கீது, மாமா,
உன் செருப்பு வாசல்ல கீது...
உன் காலு எந்தத் தெருவுல கீது?

ராணி சிரித்துவிட்டாள். "ஐயே, கீதா? சினிமாவுல காமெடியன் பேசுத மாதிரில்லா இருக்கு. கேக்கவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டுமே. புளூஸ்ல மொத வரிய ரெண்டு தபா பாடுறோமா இல்லியா? மொத தபா சிரிப்பான். ரெண்டாவது தபா சிரிப்பு வராது. மூணாவது வரில ஆளு காலி."

"இருக்குன்னு மாத்துனா என்ன?"

"ரெண்டையும் பாடு. இன்ஜினீரு ரெகார்ட் பண்ணட்டும்."

வள்ளூர் அனல்மின் நிலையத்தில் மீட்டர் பார்க்கிறவன் நான். எனக்குக் கருத்து வேண்டாம், கோடு வேண்டும். இரண்டையும் பதிந்து திரையில் போட்டேன். 'இருக்கு' என்று பாடும்போது சுருதிக் கோடு 'க்'கில் முட்டி அறுந்தது. 'கீது'வில் அந்த 'கீ' நீண்டுகொண்டே போய், இரண்டு சுரங்களுக்கு நடுவே சறுக்கி வளைந்தது. புளூஸின் உயிர் அந்த நடுவிடத்தில்தான் இருக்கிறது. நம் பாஷை, நம் சனம் என்று நீ அரைமணி நேரம் முழங்கினாய். அதில் பாதி என் காதில் விழவில்லை. "கோடு சொல்லுது. கீதுதான்" என்றேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டா, கம்ப்யூட்டர் சொன்னா நம்புவா" என்று நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

சத்தம் கேட்டு ராணியின் அப்பா மேலே வந்தார். இங்கே கடை போட்டு முப்பது வருஷமாகியும் நாக்கு இன்னும் தெற்கிலேயே இருக்கும் மனிதர். "ஏட்டி, படிச்ச பிள்ள பாடுத வார்த்தையா இது?"

"இன்னா அண்ணாச்சி, உன் கடைக்கு வர சனம் அத்தினியும் இந்த வார்த்தைதான். பருப்பு குடுக்கலாம், பாட்டு குடுக்கக் கூடாதா?"

"ஒனக்கு வாய் மட்டும் இல்லன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்லே" என்று இறங்கிப்போனார். அத்தோடு அனுமதி கிடைத்துவிட்டதாக நீயே அறிவித்துவிட்டாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரவல் புடவை என்று எழுதிய அதே விமர்சகர் இந்த முறை எழுதியிருப்பது: "'கீது' என்று கேட்டதும் சிரித்தேன். அதே வரி திரும்பி வந்தபோது சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வரியில் பாட்டை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

அன்றைக்குப் பருப்பு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தாரா என்று தெரியவில்லை.

இன்னொருவர், பேஸ் கிட்டார் பாடகிக்குப் பின்னால் நிற்காமல் பக்கத்திலேயே நடந்து வருகிறது என்கிறார். இதைப் படித்திருந்தால் ஒரு மாதம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருப்பாய். உன் இம்சை தாங்கியிருக்க முடியாது.

திட்டியவர், கொச்சை மொழி சங்கீதமாகாது என்கிறார். ராணி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இவரு மொத வரியோட எந்திரிச்சுப் போயிட்டாரு போல" என்றாள்.

காலையில் அண்ணாச்சி கடை வாசலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த நல்ல விமர்சனத்தை ஊருக்கே படித்துக்கொண்டிருந்தார். பாட்டு வரி வந்ததும் 'கீது'வை அவரும் கொஞ்சம் இழுத்தார். மீன்கூடையோடு நின்ற அக்கா விடவில்லை.

"இன்னா அண்ணாச்சி, நீயும் பாட ஆரம்பிச்சிட்டியா?"

"எழுதியிருக்கத வாசிக்கேன். ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

"துவரம்பருப்பு கீதா?"

"கீது" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கல்லாவில் ராணி இருந்தாள். பதறாதே, ஞாயிற்றுக்கிழமை ஒத்தாசைக்கு மட்டும்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த ஆல்பம் எப்ப ஆரம்பிக்கோம்?" என்று என்னிடம் கேட்டாள்.

இனி நான் செய்யப்போவது:

1. பாராட்டி எழுதிய ஒரு பத்திரிகை நம் வரியை "வாசலில் இருக்கிறது" என்று திருத்திப் போட்டிருக்கிறது. இன்றைக்கே எழுதுகிறேன்: அது கீது. மாற்றுங்கள்.

2. திட்டியவருக்குப் பதில் எழுத மாட்டேன். பாட்டை மட்டும் அனுப்புவேன், மூன்றாவது வரியிலிருந்து.

3. பேஸ் வாசிக்க ஆள் தேடுவேன். உன்னைப்போல வாசிக்கச் சொல்ல மாட்டேன். ராணியோடு பக்கத்தில் நடந்து வந்தால் போதும்.

4. செருப்பை எடுத்து வைக்கவா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "கெடக்கட்டும்" என்றார். கிடக்கும். பாட்டில் வருகிற செருப்பு இதுதானா என்று யாராவது கேட்டால், இல்லை, அந்தப் பாட்டை எழுதினவன் செருப்பு என்று சொல்வேன்.