தொண்ணூறு சதவீதத்தில் நின்ற மஞ்சள் மெஷின்

துடியலூர்,
பொங்கல் கழிந்த ஞாயிறு.

அன்புள்ள லோகப்பிரியாவுக்கு அம்மா சொல்ல, தங்கை கனிஷ்கா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முட்டிவலிகூடக் குறைந்துவிட்டது, அந்த ஸ்வீடன் குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறோம். அம்மா இதுவரைதான் சொன்னார் அக்கா. அதற்குள் பட்டறையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டதால், மெஷின் கதைய நீயே எழுதிப்போடு அம்மணி, நீதான எல்லாத்தையும் பாத்தவ, கடசியில நான் வந்து சொல்றேன் என்று போய்விட்டார். ஆகவே நடுவில் இருப்பதெல்லாம் நான் சொல்வது. நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் கிழங்கைத் தேய்த்து மெருகேற்றும் நம் பாலீஷ் மெஷின் அறுவடைக்கு முன்பே அந்தியூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

போன வருஷம் ஒரு மெஷினைத் தாமதமாகக் கொடுத்து, அதற்குப் பிறகு ஆர்டரே வராமல் போனது உனக்குத் தெரியும். அந்தியூர் மாரப்பண்ணனின் உழவர் குழு மட்டும்தான் நம்மை நம்பி வந்தது. இதுவும் தவறினால் பட்டறையைப் பூட்டி வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னதால்தானே நீ அங்கிருந்தே வேலைத் திட்டம் போடும் அந்த மென்பொருளில் அட்டவணை போட்டுக் கொடுத்தாய். ஒவ்வொரு கட்டமும் முடிகிற இடத்தில் சின்ன டைமண்ட் வடிவில் ஒரு மைல்கல், வாரா வாரம் எல்லோரையும் கேட்டு அதைப் பதிவது என் வேலை. கார்த்திகை முழுக்க எந்த மைல்கல்லைத் தொட்டாலும் தொண்ணூறு சதவீதம் இருந்தது, பரீட்சை மதிப்பெண்ணைப் போல அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டேன். மைல்கல்லுக்குத் தொண்ணூறு என்பதே கிடையாது, வந்து சேர்ந்தோமா இல்லையா அவ்வளவுதான் என்று நீ போனில் சொன்னபோது என் முகம் சிறுத்துப்போனது.

மறுபடியும் போய்க் கேட்டேன். நம் வெல்டர் தம்பிதுரை அண்ணன் டிரம்மைத் தட்டிக் காட்டி, ஆச்சுங்க அம்மணி, முடிஞ்ச மாதிரித்தான் என்றார். போத்தனூரில் லேத் பட்டறை வைத்து நம் டிரம்முக்கு அச்சு கடைந்து தரும் நசுருதீன் பாய், ஷாஃப்ட்டு ஆன மாதிரித்தான் கண்ணு, அம்மாவக் கவலப்படாம இருக்கச் சொல்லு என்றார். யாரும் பொய் சொல்லவில்லை அக்கா. ஏனுங்க, ஆச்சுங்களா என்று நாம் அத்தனை மரியாதையாகக் கேட்கும்போது இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும். அம்மாவே மாரப்பண்ணனிடம் மெஷின் ஓடின மாதிரித்தானுங்க என்று போனில் சொன்னார், பக்கத்திலிருந்து கேட்ட நான் சோதனை ஓட்டத்துக்கும் தொண்ணூறு போட்டுவைத்தேன். தம்பிதுரை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, ஏம்மணி, நான் இன்னும் பாகத்தயெல்லாம் சேத்துப் பூட்டவே இல்ல, நீ எங்க நின்னு இது ஓடறதப் பாத்தே என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அந்த வெட்கத்தில் பேச்சை மாற்றத்தான், பாய் ஷாஃப்ட்டு வந்துதுங்களா என்று அவரைக் கேட்டேன். எங்க வந்துது, அது வந்தாத்தான நான் பக்கத் தகட்டுல ஓட்ட போட முடியும், அதுக்குத்தான் உக்காந்திருக்கேன் என்றார். உடனே பாய்க்குப் போன் செய்து, டிரம்மின் பக்கத் தகடு வந்துவிட்டதா என்று கேட்டேன். தகடு வந்தாத்தான கண்ணு நான் கடசிக் கடசல் போடறது என்றார் அவர். இருவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்திருக்கிறார்கள். வரைபடத்தில் அளவு இருந்தது, ஆனால் போன வருஷம் ஓட்டையும் ஷாஃப்ட்டும் பொருந்தாமல் வருத்தமாகிவிட்டதால் இந்தத் தடவை மற்றவர் பொருளைப் பார்த்த பிறகே செய்வது என்று இருவருமே இருந்துவிட்டார்கள், அவசரப்படுத்தக் கூச்சம். தன் வேலையைக் கேட்டால் ஆச்சு என்கிறவர்கள், அடுத்தவர் பொருள் கைக்கு வந்ததா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். அன்றைக்கே உட்கார்ந்து எல்லா மைல்கல்லின் பெயரையும் மாற்றினேன். ஷாஃப்ட் முடிந்தது என்றிருந்ததை, ஷாஃப்ட் தம்பிதுரை கைக்கு வந்தது என்று எழுதினேன். முடியப்போவதாகக் காட்டிய பச்சை நிறமெல்லாம் போய், கடைசி டைமண்ட் அறுவடையைத் தாண்டி மாசி நடுவில் போய் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா திரையைப் பார்த்துவிட்டு, இத்தன நாளு இதும் நம்மாளுகளாட்ட மரியாதயாப் பேசிட்டு இருந்துது, இன்னிக்குத்தான் உள்ளதச் சொல்லுது என்று சொல்லி, தகட்டையும் தம்பிதுரை அண்ணனையும் வேனில் ஏற்றி, அப்பாவை ஓட்டச் சொல்லிப் போத்தனூருக்குக் கிளம்பிவிட்டார்.

நானும் போனேன். பாயின் லேத்துக்குப் பக்கத்திலேயே தகட்டை வைத்து, இருவரும் மாற்றி மாற்றி அளந்து, நீங்க மொதல்ல போடுங்க, இல்லீங்க நீங்க போடுங்க என்று அங்கேயும் உபசாரம் தொடங்கியபோது, பாய் நீங்க கடசலப் போடுங்க, தம்பி அதுக்குத் தக்கன ஓட்டையப் போடட்டும் என்று அம்மா முடித்துவைத்தார். சாயங்காலத்துக்குள் ஷாஃப்ட் தகட்டில் அசையாமல் உட்கார்ந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மைல்கல்லும் வாங்கிக்கொண்டவர் வாயால்தான் பச்சையானது, கடைசி டைமண்ட் மாசியிலிருந்து நகர்ந்து நகர்ந்து மார்கழிக்கே வந்துவிட்டது. மாரப்பண்ணன் போன வருஷத்து மஞ்சள் மூட்டையோடு வந்தார். டிரம் சுற்றச் சுற்றப் பட்டறை முழுக்க மஞ்சள் தூசி, தம்பிதுரை அண்ணனின் மீசைகூட மஞ்சளானது. பழக்க தோஷத்தில் அம்மா, ஆச்சுங்களாண்ணா என்று கேட்டார். மாரப்பண்ணன் ஒரு கை மஞ்சளை அள்ளி, கட்டைவிரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, லாரியக் கூப்புடுங்க, அப்படியே இன்னும் ரெண்டு மெஷினுக்குத் தகடு வாங்கிப்போடுங்க என்றார். அவர் வாயால் அதைக் கேட்ட பிறகுதான் நான் நூறு என்று போட்டேன்.

அம்மா வந்துவிட்டார், இனி அவர் சொல்வது. கண்ணு, பட்டறை திறந்திருக்கிறது, அதற்கு உன் அட்டவணையும் ஒரு காரணம். புது மெஷின்களுக்கும் நீயே போட்டுக் கொடு. பருப்புப் பொடியும் நிலக்கடலை உருண்டையும் பார்சலில் வருகின்றன. மருதமலை முருகன் உனக்குத் துணையிருப்பான், நீ நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். சாப்பிட்டாயா என்று கேட்டால் எப்போதும் ஆச்சும்மா என்கிறாய். இனி உன்னைக் கேட்கப்போவதில்லை, உன்னோடு தங்கியிருக்கும் அக்ஷிதாவைத்தான் கேட்பேன்.

உன் நலம் தவிர வேறு நினைவில்லாத அம்மா,
சாந்தாமணி